ஒன்பதாம் அறையின் கிழமைகள்

இரண்டாவது சொட்டும் விழுந்துவிட்டது. முதல் சொட்டு எரிந்தது, இது எரியவில்லை, குளிர்ந்து இறங்கி மூக்கு வழியாகத் தொண்டைக்கு வந்து கசக்கிறது. கண்ணில் விட்ட மருந்து நாக்குக்கு எப்படித் தெரிகிறது என்று ஒவ்வொரு வருடமும் ஆச்சரியப்படுகிறேன், ஒவ்வொரு வருடமும் யாரிடமும் கேட்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறேன். "கண்ணைத் திறக்கக் கூடாதும்மா, பத்து நிமிஷத்துல இன்னொரு தடவை விடுவேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போகிறாள். குரலுக்கு இருபது வயது இருக்கும், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குகிறாள், தஞ்சாவூர்ப் பக்கமாக இருக்கலாம். முப்பத்து நான்கு வருடம் டெலிபோன் எக்சேஞ்சில் முகம் தெரியாத குரல்களோடு இருந்தவளுக்கு இது ஒரு கெட்ட பழக்கம், குரலைக் கேட்டதும் ஆளைக் கட்டி எழுப்பிவிடுவேன், பிறகு ஆளை நேரில் பார்த்தால் ஏதோ மோசடி நடந்ததுபோல் இருக்கும். இடது பக்கம் ஜெபமணி உட்கார்ந்திருக்கிறாள், அவளிடமிருந்து வரும் வாசனை கோடாலித் தைலம். வலது பக்கம் உமையாள், அவள் மடியில் என் கைப்பை, என் சீட்டு, என் கண்ணாடி. சர்க்கரைக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், துணைக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும். எனக்கு இரண்டு பேர் வருவார்கள். மூவரும் இதே திருச்சியில் கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்தவர்கள், மூவருக்கும் எழுபத்து மூன்று. ஆஸ்பத்திரி எங்களுக்கு ஒரு பிக்னிக் மாதிரி ஆகிவிட்டது, ஜெபமணி டப்பாவில் முறுக்குக் கொண்டுவந்திருக்கிறாள், கடிக்கும் சத்தம் எனக்குள்ளேயே கேட்கிறது.

எங்களுக்குப் பின்னால் இரண்டு பெண்கள், சொட்டு மருந்து விடுகிறவர்கள்தான், கொஞ்சம் ஓய்வாக நிற்கிறார்கள்போல. "மூணாம் ரூம் டாக்டர் செமையா இருக்கார்ல?" என்கிறாள் ஒருத்தி. "செம எல்லாம் இல்லடி, சுமார். ஹைட்டு இருக்கு, அவ்ளோதான்." "உனக்கு எல்லாருமே சுமார்தான்." "மொக்கைன்னு சொல்லலல்ல? சந்தோஷப்படு." சிரித்துக்கொண்டே நகர்கிறார்கள், செருப்புச் சத்தம் தேய்கிறது. ஜெபமணி கடிப்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு அடுத்தவர் பேச்சு என்றால் முறுக்கு இரண்டாம் பட்சம். "ஏட்டி தையலு, செமன்னா என்னட்டி? அழகுன்னா, நல்லாருக்குன்னா?" என் பெயர் தையல்நாயகி, வைத்தீஸ்வரன் கோயில் அம்மன் பெயர், அதை இத்தனை வருடமாகப் பாதியாக வெட்டிக் கூப்பிடுகிறவள் இவள் ஒருத்திதான். நான் பதில் சொல்வதற்குள் உமையாள் சொல்கிறாள், "எல்லாத்துக்கும் செமதான். பிரியாணிக்குச் செம, மழைக்குச் செம, ஆளுக்குச் செம. எல்லாப் பேப்பருக்கும் நூறு போட்டா அது மார்க்கே இல்ல." கணக்கு டீச்சராக இருந்தவள், ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் உலகத்தைத் திருத்திக்கொண்டேதான் இருக்கிறாள். "அப்பம் சுமாரு?" "சுமார்னா நாப்பது. பாஸ்." "இல்லட்டி, சுமாருல ஒரு எரக்கம் கெடக்கு. ஒருத்தன சுமாருன்னு சொல்லும்போது அவன் மனசு நோவக் கூடாதுன்னு ஒரு நெனப்பு உண்டும். மொக்கையில அது இல்ல."

எரக்கம். இரக்கத்தை இப்படிச் சொன்னால் அது இன்னும் கீழே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்கிறது. நான் இமைக்குள் சிவப்பாக மிதக்கும் புழுக்களைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொற்களை வாய்க்குள் போட்டுப் பார்க்கிறேன். செம. உதடு திறந்து, உடனே மூடி, மறுபடி திறந்துவிடுகிறது, எதையோ கண்டு மூச்சு ஒரு கணம் நின்று போன மாதிரி. மொக்கை, முனை மழுங்கிய பென்சில். சப்பை, அட்டு என்றெல்லாம் பஸ்ஸில் பையன்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஈரத்துணியைக் கல்லில் அடித்த சத்தம். அழகில்லை என்று சொல்வதற்கு மட்டும் ஏன் இவ்வளவு வல்லினம், மென்மையாக ஒரு வசைச் சொல்லை யாருமே செய்யவில்லையா? "எங்க ஊருல களைன்னு சொல்லுவாவ" என்கிறாள் ஜெபமணி, "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா, மூஞ்சி கோணலா இருந்தாலும் களையா இருக்கா." "அது கெழவிங்க பாஷை" என்கிறாள் உமையாள். "பின்னே நாம ஆரு, குமரிகளா?" இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். ஜெபமணியின் சிரிப்பு மேலே ஏறி ஓரிடத்தில் உடைந்து பிறகு பாத்திரம் உருள்வதுபோல் படியிறங்கும், ஐம்பது வருடமாக அதே சிரிப்பு. உமையாளின் சிரிப்பு மூக்கில் தொடங்கி மூக்கிலேயே முடிந்துவிடும். ஷோக்கு என்று என் மாமா ஒருவர் சொல்வார், டக்கர் என்று சித்தப்பா. ஒரு சொல்லுக்குப் பத்து வருடம் ஆயுசு போலிருக்கிறது, பிறகு அதைச் சொன்னவரின் வயதை அது காட்டிக்கொடுத்துவிடும், நரையை மறைக்கலாம், டக்கரை மறைக்க முடியாது. அழகைச் சொல்ல மட்டும் ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாக ஒரு சொல் ஏன் வேண்டியிருக்கிறது, பசிக்கு வேண்டியிருக்கவில்லையே, தூக்கத்துக்கு வேண்டியிருக்கவில்லையே. அப்பா அம்மா சொன்ன சொல்லால் ஒருவனைப் பார்க்கக் கூச்சமாக இருக்குமோ, அவர்கள் எச்சில் பட்ட கரண்டி மாதிரி. யோசிக்க நன்றாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பதற்குத்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறேனோ.

"நாம என்னட்டி சொன்னோம்? நம்ம ஹாஸ்டல்ல?" ஜெபமணி தொடையில் தட்டுகிறாள், என் தொடையில். "ஐயோ, கிழமை! கிழமை வச்சுல்லா சொன்னோம்!"

ஏன் சொன்னாள். மருந்தின் கசப்பு மறுபடி தொண்டைக்கு ஏறுகிறது. வலது பக்கத்தில் என் கைப்பையின் ஜிப் ஒரு அங்குலம் திறக்கிறது, ஒரு அங்குலம் மூடுகிறது. கிழமைகள், ஆமாம், எங்கள் ஒன்பதாம் அறையின் கிழமைகள். விடுதிச் சாப்பாட்டறையில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு சாப்பாடு, மூன்று வருடமும் மாறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. வெள்ளிக்கிழமை வடை பாயசம். சனிக்கிழமை புளிச்சோறு. வியாழக்கிழமை சப்பாத்தி குருமா, சூடாக இருக்கும்வரை தேவலை, ஆறினால் செருப்பு. புதன்கிழமை கோதுமை ரவை உப்புமா, அமெரிக்காக் கோதுமை என்று சொல்வார்கள், தட்டைக் கவிழ்த்தாலும் விழாது, யாரும் முடித்து எழுந்ததில்லை. முதல் வருடம் ஒரு மழைநாளில் சரித்திரம் எடுக்க ஒரு புது லெக்சரர் குடையை மடக்கிக்கொண்டு வராந்தாவில் ஏறியபோது, இந்த வாய்தான், என் வாய்தான், "அடியே ஞாயித்துக்கிழமை" என்றது. அவ்வளவுதான். ஒரு மாதத்தில் விடுதி முழுக்கப் பரவியது. தபால்காரர் வியாழன். எதிர் கல்லூரியில் டென்னிஸ் ஆடுகிறவன் பாயசம் இல்லாத வெள்ளி. விடுதி வாசலில் நின்று ஜாடை செய்கிற பையனை ஜெபமணி பார்த்துவிட்டு "ஊசிப்போன சனி" என்று சொன்னதற்கு மூன்று நாள் சிரித்தோம். வார்டன் முன்னாலேயே சத்தமாகப் பேசலாம், அவர்களுக்கு நாங்கள் காலண்டரைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். ஆண்களுக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தது. அது எப்போது எங்கள் பக்கம் திரும்பியது என்று எத்தனை முறை யோசித்தும் அந்த நாள் கிடைக்கவில்லை, ஆனால் திரும்பிய பிறகு நடந்த ஒரு நாள் கிடைக்கிறது, கேட்காமலே கிடைக்கிறது.

எழுபதாம் வருடம் டிசம்பர். உமையாளுக்கு வீட்டிலிருந்து கடிதம், தேவகோட்டையில் ஒரு வரன், போட்டோ கேட்கிறார்கள், ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்து அனுப்பு என்று. அவளிடம் பட்டு இல்லை. என் அரக்குப் பட்டைக் கொடுத்தேன், நானே மடிப்பெடுத்துக் கட்டிவிட்டேன், பின் குத்தினேன். அவள் ஸ்டூடியோவுக்குக் கிளம்பி வராந்தாவில் போனாள், சீப்பை மறந்தாளோ கைக்குட்டையை மறந்தாளோ, திரும்பி வந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. அறையில் ஏழெட்டுப் பேர். யாரோ கேட்டார்கள், என்னடி உன் பட்டில் அவள் எப்படி இருக்கிறாள் என்று. நான் சொன்னேன், "புதன்கிழமையைப் பட்டுல சுத்தினாலும் வியாழக்கிழமை ஆயிடாது." சிரிப்பு வெடித்தது. எல்லோருக்கும் மேலே ஜெபமணியின் சிரிப்பு, ஏறி, உடைந்து, உருண்டு. ஜன்னலுக்கு வெளியே அரக்கு நிறம் நகர்ந்தது. மறுநாள் காலை என் கட்டிலில் அந்தப் பட்டு, நான் மடித்துக் கொடுத்த அதே மடிப்பில். அவள் ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. தேவகோட்டை வரன் வேறெங்கோ போயிற்று. நல்லவேளை, அவள் வாழ்க்கை நின்றுவிடவில்லை, முப்பது வயதில் அவள் பாடம் நடத்துவதைப் பார்த்துவிட்டுப் பெண் கேட்ட தலைமையாசிரியரைக் கட்டிக்கொண்டாள், இன்றுவரை இருவரும் காலையில் சேர்ந்து நடக்கிறார்கள். ஆனால் போட்டோ எடுக்கும்போது உமையாள் எல்லோருடைய பைகளையும் வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய்விடுவாள். எங்கள் அறுபதாம் வயதில் குற்றாலத்தில் எடுத்த படத்தில் அவள் முழங்கை மட்டும் இருக்கிறது. யாராவது ஏன் என்று கேட்டால், பையைப் பார்த்துக்க ஆள் வேணும்ல என்பாள்.

இதோடு போயிருந்தால் நான் இதை இளமையின் கணக்கில் எழுதிவிட்டிருப்பேன். எழுபத்து நாலாம் வருடம் நான் எக்சேஞ்சில் சேர்ந்த புதிதில், டிரங்க் கால் போட வந்த உமையாள், கால் கிடைக்கக் காத்திருந்த அரைமணி நேரத்தில் சொன்னாள், ஜெபமணி என்னைப் பற்றி அன்றைக்கு இப்படிச் சொன்னாள் தையல், அதுதான் நான் அவளோடு பேசுவதில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். எல்லோருக்கும் மேலே கேட்ட சிரிப்பு யாருடையதோ வாக்கியமும் அவளுடையது என்று நினைத்துவிட்டாள். என் காதில் ஹெட்போன், ஏதோ ஊர், ஏதோ எண், யாரோ ஹலோ ஹலோ என்கிறார்கள். நான் சொன்னேன், "விடு உமையா, அவ வாய் அப்படி." ஒரு சின்ன வாக்கியம். புதன்கிழமையைச் சொன்னது பத்தொன்பது வயதுப் பெண். இதைச் சொன்னது மாதச் சம்பளம் வாங்குகிற ஒருத்தி, யோசித்து, நிதானமாகச் சொன்னது. பதினொரு வருடம் உமையாள் ஜெபமணியோடு பேசவில்லை. ஜெபமணி கல்யாணப் பத்திரிகை அனுப்பினாள், பதில் இல்லை. நான் என்ன தப்புட்டி செஞ்சேன் என்று என்னிடம்தான் கேட்டாள், எனக்கென்ன தெரியும் என்றேன். ஜெபமணியின் புருஷன் திடீரென்று போனபோது உமையாள் தானாக வந்தாள், "சாப்பிட்டியா" என்று கேட்டாள், அவ்வளவுதான், இருவரும் சேர்ந்துவிட்டார்கள். ஏன் பிரிந்தோம் என்று ஒருத்தி கேட்கவில்லை, ஒருத்தி சொல்லவில்லை. நடுவில் நான், இன்றைக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

"நீ யாரை என்ன கிழமைன்னு சொன்ன, ஞாபகம் இருக்கா ஜெபா?" இது உமையாள். குரல் சாதாரணமாக இருக்கிறது, ரொம்பச் சாதாரணமாக. ஆபரேட்டர்களுக்குத் தெரியும், ஒருவர் குரலை இப்படிச் சமமாகப் பிடித்திருந்தால் அந்தப் பக்கம் ரிசீவரை இறுகப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஜெபமணிக்கு எதுவும் தெரியாது, உற்சாகமாக எண்ணுகிறாள், "டைப்ரைட்டிங் மாஸ்டர் வியாழன், சரிதானா, நம்ம மெஸ் கான்ட்ராக்டர் மகன் வெள்ளி, பெறவு..." "என்னை?" "உன்னையா?" "என்னை என்ன கிழமைன்னு சொன்ன." மூன்றாவது சொட்டுக்காரி வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், டோக்கன் எண் கூப்பிடட்டும், கரண்ட் போகட்டும். "ஏட்டி, நான் உன்ன ஒண்ணும் சொல்லல." "பட்டுல சுத்தினாலும்னு வரும். நானே சொல்லணுமா?" முறுக்கு டப்பாவின் மூடி அழுந்தி மூடும் சத்தம். ஜெபமணி மெதுவாகப் பேசுகிறாள், அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "ஆண்டவரே. அது நீ கேட்டியா? அதுக்கா... பதினோரு வருஷம்... அதுக்காட்டி?" "நான் குழந்தையா, சிரிப்பு யாருதுன்னு தெரியாதா எனக்கு?" "சிரிச்சேன். உண்மைதான், சிரிச்சேன், வயிறு வலிக்கச் சிரிச்சேன், அதுக்கு என்னைய என்ன வேணாலும் சொல்லு. சொன்னது நான் இல்லட்டி. சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு, அதனால பண்ணல, ஆனா சொன்னது நான் இல்ல." "அப்ப யாரு?"

ஜெபமணிக்குத் தெரியும், அன்றைக்கு என் எதிர்க் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தாள், என் வாயைப் பார்த்துத்தான் சிரித்தாள். பதினொரு வருடத்தின் காரணம் இந்த நிமிடம்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்த உடனே அவள் செய்த முதல் காரியம் என் பெயரைச் சொல்லாமல் இருப்பது. இடது தோளில் அவள் மூச்சு படுகிறது. ஜெபமணி, நீ சொல்லிவிடு, நீ சொன்னால் எனக்குச் சுலபம், நான் திகைத்ததுபோல் இருந்துவிடுவேன், மறந்துவிட்டது என்பேன், எழுபத்து மூன்று வயதில் மறதி நல்ல போர்வை. அவள் சொல்ல மாட்டாள். விடு உமையா என்று இன்னொரு முறை சொல்லலாம், அந்த வாக்கியம் தயாராக நாக்கில் இருக்கிறது, கண் மருந்தோடு சேர்ந்து கசக்கிறது. கண் மூடியிருப்பதால்தானோ என்னவோ, எதிர்முனையில் யாரோ காத்திருக்கிறார்கள், நான் இணைப்பைக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரிகிறது.

"நான்தான் உமையா. சொன்னது நான்." கூடத்தில் எங்கோ ஒரு குழந்தை அழுகிறது, யாரோ நூற்றுப் பதினேழு நூற்றுப் பதினேழு என்கிறார்கள். "எக்சேஞ்சுல நீ வந்து சொன்னப்பவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஜெபா மேல விட்டேன்." உமையாள் மடியில் ஜிப் அசையவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ மௌனங்களைக் காதில் வாங்கியிருக்கிறேன், லைன் செத்த மௌனம் வேறு, ஆள் இருக்கிற மௌனம் வேறு. ஆள் இருக்கிறாள். நான் கண்ணைத் திறக்கிறேன், திறக்கக் கூடாது என்றார்கள், திறக்கிறேன். எல்லாம் வெள்ளை. ஜன்னல் வெளிச்சம் பால் சிந்தியதுபோல் எல்லாவற்றின் மேலும் வழிந்திருக்கிறது, வலது பக்கம் ஒரு பழுப்பு, அதன் மேல் ஒரு சாம்பல், அது அவள் தலை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம். அவள் அழுகிறாளா, பல்லைக் கடிக்கிறாளா, எதைப் பார்த்து அடுத்த வார்த்தையைப் பேசுவது?

"ஏன்?" என்கிறாள் உமையாள். கோபம் இல்லை. டீச்சர் கேட்கிற ஏன். விடை தப்பு என்று தெரியும், வழியைக் காட்டு என்கிற ஏன். "உன் புடவையைக் குடுத்த. நீயே கட்டிவிட்ட. பின் குத்தும்போது என் தோள்ல குத்திடக் கூடாதுன்னு உன் விரலை உள்ள வச்சுக் குத்துன. அது எனக்கு ஞாபகம் இருக்கு. அப்புறம் ஏன்?" அவளுக்கு இது புரியவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது. எனக்கும்தான். பொறாமையா என்று தேடிப் பார்க்கிறேன், இல்லை, தேவகோட்டை வரன்மேல் எனக்கென்ன. வெறுப்பா, இல்லை. நீ அழகில்லை என்று நினைத்தேனா? இங்கேதான் சிக்குகிறது, இந்த இடத்தில் நினைவு வழுக்குப் பாறைபோல் ஏறவிடாமல் இருக்கிறது. மடிப்பு ஞாபகம் இருக்கிறது, பின் ஞாபகம் இருக்கிறது, கழுத்தில் பவுடர் வேர்த்து ஓடியது ஞாபகம் இருக்கிறது. முகம் இல்லை. பத்தொன்பது வயது உமையாளின் முகம் என்னிடம் இல்லவே இல்லை. "சொல் நல்லா விழுந்துச்சு உமையா" என்கிறேன். கேட்க எவ்வளவு அற்பமாக இருக்கிறது. "பட்டு, புதன்னு ரெண்டும் வாயில சேர்ந்து வந்துச்சு. பழமொழி மாதிரி இருந்துச்சு. வந்ததைச் சொல்லாம இருக்க முடியல. உன்னைப் பார்த்துச் சொல்லல. நான் உன்னைப் பார்க்கவே இல்ல. சொன்ன பிறகும் பார்க்கல." ஜெபமணி மெல்ல "ஏட்டி" என்கிறாள், யாரை என்று தெரியவில்லை. விடுதி மலரில் என் கவிதைகள் வந்தன, நிலவு, மழை, மகளிர் விடுதலை, அவற்றில் ஒரு வரிகூட யாருக்கும் ஞாபகமில்லை. நான் செய்தவற்றில் ஐம்பத்து நாலு வருடம் நின்ற வரி அது ஒன்றுதான்.

"பார்க்காமயே சொன்ன." "ஆமா." "மார்க் போட்டுட்ட, பேப்பரைத் திருத்தல." "ஆமா." உமையாள் மூக்கால் ஒரு சத்தம் செய்கிறாள், சிரிப்பாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நூறு தரம் கேட்ட சத்தம், இன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது சொட்டுக்காரி வந்துவிட்டாள். "அம்மா, கண்ணைத் திறந்துட்டீங்களா, சொன்னேன்ல. தலையை மேல தூக்குங்க." குளிர்ந்து விழுகிறது, வலம், இடம். வழிவதை ஒரு கை பஞ்சால் துடைக்கிறது, அந்தப் பெண்ணின் கை என்று நினைத்தேன், அவள் அதற்குள் அடுத்தவரிடம் போய்விட்டாள், பஞ்சைப் பிடித்திருப்பது உமையாள். துடைப்பதில் பிரியம் எதுவும் தெரியவில்லை, கோபமும் தெரியவில்லை, வேலையைச் சுத்தமாகச் செய்கிறாள். "இந்த மருந்து எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று கேட்கிறாள். "நாலு மணி நேரம் சொன்னாங்க. சாயங்காலம் ஆயிடும்" என்கிறேன். "ம்." பஞ்சு போடுகிற தொட்டியின் மூடி திறந்து மூடுகிறது. அவள் திரும்பி வந்து உட்கார்கிறாள், என் பக்கத்தில் இல்லை, நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்கிறது, எனக்கு நேர் எதிரே போட்டுக்கொள்கிறாள். முழங்காலும் முழங்காலும் இடிக்கிற தூரம். "அவரு போன் பண்ணா வர லேட்டாகும்னு சொல்லிடு ஜெபா" என்கிறாள். பிறகு என்னிடம், "தெளியட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. தெளிஞ்ச பிறகு பாரு, நல்லாப் பாரு, பார்த்துட்டுச் சொல்லு." அழகு என்று ஒன்று வருகிறது, தள்ளுகிறேன். களை என்று ஒன்று, அதையும். இரண்டு பக்கத்திலிருந்தும் சொற்கள் முண்டியடித்துக்கொண்டு வருகின்றன, ஒவ்வொன்றும் நன்றாகத்தான் விழும்போலிருக்கிறது. பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள் அவள் இருக்கும் திசையை நோக்கிக் கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருக்கிறேன்.